உமிக்குள் நின்ற அம்பாசிடர்

கூத்தாநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தாவுக்கு மகள் ஷமீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது. போனில் நீங்கள் "ம்" என்றாலே நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் ஷார்ஜா திரும்பும் பக்கீர் முகம்மது மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திருத்துறைப்பூண்டி ரெங்கசாமி மாமாவின் அம்பாசிடரை வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய முன்பணத்தை நான் கொடுக்கவில்லை. அம்மா கொடுக்கச் சொன்னார்கள். பீரோ சாவி என்னிடம் இருக்கிறது.

நீங்கள் வாக்குக் கொடுத்தது தெரியும். அந்தக் காரைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டு ஊரிலேயே இருந்துவிடலாம் என்று சொன்னதும் தெரியும். அதனால்தான் விசாரித்தேன்.

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வீட்டுப் போனில் உங்கள் பெயர் இருப்பதால் என்னைக் "கபீர் பாய்" என்றார்கள். நானும் திருத்தவில்லை. மாமாவின் அரிசி ஆலையில், உமிக்குவியலுக்குள் ஆறு வருடம் நின்ற வண்டி, ஒரு சொட்டு மழை படவில்லையாம் என்று எழுதினேன். தஞ்சாவூர் தியாகராசன் என்பவர் பதில் போட்டார்: "பாய், உமி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அடித்தகடு துருப்பிடிச்சுப் போயிருக்கும். காந்தத்தைத் துணியில சுத்தி வச்சுப் பாருங்க. ஒட்டலன்னா அங்க தகடு இல்ல, பட்டி பூசி மறைச்சிருக்காங்க."

அம்மாவை அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். முன்பக்க இன்ஜின் மூடியில் ஒட்டியது. கதவுக்குக் கீழே மூன்று இடத்தில் வைத்தேன், மூன்றிலும் விழுந்தது. ரெங்கசாமி மாமா சிரித்தார். "ஏம்மா, ஒம்பதாவதோட நின்ன புள்ள, ஒங்க அத்தாவுக்கே வண்டி பாக்கச் சொல்லித் தர்றியா?" ஆலை ஆட்களும் சிரித்தார்கள். குனிந்து நான்காவது இடத்தில் வைத்தேன். அங்கேயும் விழுந்தது. "மாமா, நீங்களே வச்சுப் பாருங்க" என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

நான் அவமானப்படுத்திவிட்டேன் என்று உங்களிடம் சொல்வார். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் படிப்பை நிறுத்தியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. இதில் என்னைக் கேட்டாக வேண்டும்.

ஒரத்தநாட்டில் ஒரு கால்நடை மருத்துவரின் கார் விலைக்கு வருகிறதாம். குழுவில் நாலு பேர் அதைப் பார்க்கப் போகிறார்கள். நான் கபீர் பாய் இல்லை, அவர் மகள் என்று நேற்று எழுதிவிட்டேன். அதற்குத் தியாகராசன், "அப்ப நீயும் அம்மாவோட வாம்மா, காந்தத்தை மறந்துடாதே" என்றார். போகிறோம்.

கெட்ட வண்டியை வாங்கினால் அதைச் சரிசெய்ய இன்னும் ரெண்டு வருடம் அங்கேயே இருப்பீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். கோபம் இருந்தால் போனில் வேண்டாம். வந்து எதிரில் நின்று திட்டுங்கள், அத்தா.

சொல் கேட்காத உங்கள் மகள்,
ஷமீரா