ஏழாம் பாடத்தின் ரீசெட்

நவம்பர் 10, திங்கள்

விடாத மழை. முத்தியால்பேட்டையிலிருந்து ஆபீஸ் போவதற்குள் முழங்கால் வரை சேறு. குடைக் கம்பி உடைந்தது. புதுசு வாங்கணும்.

டுட்டோரியல் திருத்தும் வேலை என் தலையில். எங்கள் கம்பெனியின் ஃபிரேம்வொர்க்கை வைத்து வெப்சைட் கட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்காகக் கூட வேலை பார்க்கும் மதன் எழுதிய பாடங்கள். எழுதியிருக்கிறான் பார்! மூன்றாம் பாடத்தில் ஃபைல் பெயர் தப்பு. ஐந்தில் அடைப்புக்குறியை மூடவே இல்லை. ஏழுதான் கொடுமை. டேட்டாவைச் சேர்த்துவைக்கும் டேபிளில் புதிதாக ஒரு விவரம் சேர்க்க ‘ரீசெட்’ கமாண்ட் கொடுக்கச் சொல்கிறது. கொடுத்தால் ஏற்கெனவே உள்ள டேட்டா மொத்தமும் காலி. ‘அப்டேட்’ என்று இருக்கணும். மாற்றிவிட்டேன்.

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஏழாம் பாடத்தில் பழைய வரியே திரும்ப நிற்கிறது. மதன் வேலை.

“ஏன் மாத்தின?”

“கத்துக்க வர்றவன்கிட்ட இன்னா டேட்டா இருக்கப் போவுது? ரீசெட்தான் சுலபம். உன் வேலையப் பாரு.”

இதுதான்டா என் வேலை. பாஸ் காபி குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க.” அவ்வளவுதான் அவர் தீர்ப்பு.

மதன் வாயை மூடிக்கொண்டு சாப்பிடவும் மாட்டான்.

நவ. 13, வியாழன்

ஒரு பெண் ஆபீசுக்கு நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஹெல்மெட். பெயர் ஜெயந்தி, கதிர்காமம். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், போன் நம்பர், ரத்த வகை எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்திருக்கிறார். எங்கள் பாடங்களைப் படித்துத்தான் அதற்கு ஒரு சைட் கட்டினாராம். கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்க்கலாம் என்று நேற்று ஏழாம் பாடத்தைத் திறந்திருக்கிறார். ஒரே கமாண்ட். எல்லாம் போச்சு.

மதன் கேட்டான்: “பேக்கப் எடுக்கலையா?”

“எடுக்கச் சொல்லி உங்க பாடத்துல எங்கங்க இருக்கு?”

அவன் ஸ்கிரீனில் பாடத்தை மேலும் கீழும் ஓட்டித் தேடினான்.

“நேத்து சாயங்காலமே ஒரு பிரசவத்துக்கு ரத்தம் கேட்டாங்க. ஒருத்தர் நம்பர்கூட என்கிட்ட இல்ல. வேற யாரோ வந்து குடுத்தாங்க. அதுவரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல.”

செவ்வாய்க்கிழமை அவன் கை சும்மா இருந்திருந்தால்! ஓங்கி அறையணும் போல் இருந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நவ. 14, வெள்ளி

மதனே ஏழாம் பாடத்தைத் திருத்திவிட்டான். கீழே குறிப்பு: ‘தெளிவுக்காகச் சிறு மாற்றம்.’ சிறு மாற்றமாம்! அதை அழித்துவிட்டு எழுதினேன்: ‘இந்தப் பக்கம் தவறாக இருந்தது. இதன்படி செய்தவர்களின் டேட்டா அழிந்திருக்கும். மன்னிக்கவும்.’

பாஸ் கூப்பிட்டார். “இப்படிப் போட்டா யாரும்மா நம்பி வருவாங்க? எடுத்துடு.”

“நான் எடுக்க மாட்டேன் சார். நீங்களே எடுங்க. அந்தம்மாவுக்கும் நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க.”

அவரும் எடுக்கவில்லை. முறைப்பு மட்டும்.

நவ. 16, ஞாயிறு

தூறல். ஜெயந்தி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

“உங்க ஆபீஸ் ஆளுங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல.”

நியாயம்தான். தூறல் வலுத்தது. “சரி, உள்ள வாங்க. நனையாதீங்க.”

அவர் போனின் பழைய கால் லிஸ்ட்டில் பெயரில்லாமல் கிடந்த நம்பர்களை, ரத்தம் கொடுப்பவர்களாக இருக்கலாம் என்று, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். சிலர் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒருவர், “யாரு நீங்க? எதுக்கு என் ரத்தம்?” என்று கத்திவிட்டு வைத்தார். அதற்கு ஜெயந்தி சிரித்தார். அபூர்வமான நெகட்டிவ் ரத்த வகைக்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

நவ. 17, திங்கள்

ஆபீஸ் போனதும் மதன் எதிரில் போய் நின்றேன்.

“உன் ரத்த வகை இன்னா?”

“எதுக்கு?”

“சொல்லு.”

“பி நெகட்டிவ்.”

“அந்தம்மா லிஸ்ட்டுல உன்னச் சேக்குறேன். எப்பக் கூப்பிட்டாலும் போவணும்.”

ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னான்: “சேத்துக்க.”

சேர்த்தேன். அதைத் தவிர அவனோடு எனக்கு இன்னும் பேச்சு இல்லை.