அயர்லாந்தும் மடைக்காவல் சாஸ்தாவும்

அண்ணே,

இன்றைக்குச் சாயங்காலம் கீழே யாரோ போஸ்டர் ஒட்டுவதற்காகத் தகர டப்பாவில் மைதாப் பசை காய்ச்சினார்கள். மயில்துத்தம் போட்டுக் கிண்டும்போது ஒரு நெடி வருமே, அது மாடியேறி வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திய பிறகும் போகவில்லை. பசை வாசனை வந்தால் மற்றவர்களுக்குத் தேர்தல் ஞாபகம் வரும். எனக்கு அயர்லாந்து ஞாபகம் வருகிறது. வெளியே சொன்னால் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

தாராவியில் நாம் இருந்த அந்த ஒற்றை அறையின் சுவர் உனக்கு மறந்திருக்காது. முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்களை ஒட்டி வைத்திருந்தாய். அக்கம்பக்கத்தில் நீ வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டாய் என்றே பேசிக்கொண்டார்கள். மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் நம் பழைய பேப்பர் கடை; அங்கே ரத்திக்கடை என்று சொன்னால்தான் தெரியும். உத்தியோகஸ்தர் வீடுகளிலிருந்து வருகிற இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கட்டிப் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாய். படித்ததில் பாதி புரியாது. புரியாத பாதியை உன் கையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வாய்.

சிலி நாட்டு விடுதலைக்குப் போராடிய தலைவரின் படத்திலிருந்து ஒரு சணல் கயிறு. நம் தேசத்துக்கே சுயராஜ்யம் கேட்ட அந்த வெள்ளைக்கார அம்மாளின் படத்திலிருந்து இன்னொன்று. எல்லாக் கயிறும் பள்ளிக்கூட அட்லஸிலிருந்து கிழித்த அயர்லாந்தில் போய் முடியும். எந்தத் தேசத்துத் தலைவர் படம் கிடைத்தாலும் அவருக்கு அந்தத் தீவில் ஒரு தாத்தா இருந்தாரா என்று தேடுவதே உன் வேலை. இல்லாதவர்களுக்கும் ஒன்றிரண்டு தடவை நீயே தாத்தா கொடுத்திருக்கிறாய்.

"நமக்கென்ன அதைப் பத்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஞ்சத்துல கப்பலேறிப் போன சனம்ட்டி அது. எங்கெங்கயோ போயி நாட்டையே ஆளுது. ஆனாலும் பாரு, ஊரு எதுன்னு கேட்டா சொல்லத் தெரியுது," என்றாய்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நம் பூட்டனும் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்தவர்தான். தோல் பதனிடுகிற வேலைக்கு வந்து, ஊர்ப் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லி வைப்பதற்கு முன்னால் கொள்ளைநோயில் போய்விட்டார். ஊர் தெரியாததால் நமக்குக் குலதெய்வமான சாஸ்தாவும் தெரியாது. பங்குனி உத்திரத்துக்குத் தாராவியில் பாதிப் பேர் ரயிலேறித் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். தெரு வெறிச்சென்று கிடக்கும். அன்றைக்கு மட்டும் நீ கடையைச் சீக்கிரமே திறந்துவிடுவாய்.

அறுபத்துமூன்றாம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி அயர்லாந்துக்குப் போனார். அவருடைய பூட்டனார் புறப்பட்ட வீட்டிலேயே போய் நின்றார். சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தி அவருக்குத் தேநீர் கொடுத்து உபசரித்த படத்தை நீ கடைக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாய். பசை காய்ச்சி, சுவரில் நடுவிடத்தில் ஒட்டினாய். ஒட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி அரிசி களைந்தேன்.

அப்போதுதான் செம்பூர்ச் சம்பந்தம் வந்தது. பரமசிவனை நமக்கு முன்பே தெரியும். குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை. வாரம் தவறாமல் நம் கடைக்கு ஒரு சின்னக் கட்டுப் பேப்பர் கொண்டுவருவார். நான் தராசு பிடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார். "இங்கிலீஷ் பேப்பரு வாங்குத வீட்டு ஆளு மாதிரியே தெரியலியே" என்று நீ சந்தேகப்பட்டாய். பிறகல்லவா தெரிந்தது, குர்லா ரத்திக்கடையில் காசு கொடுத்து வாங்கி நம் கடையில் கொண்டுவந்து விற்றிருக்கிறார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அன்றைக்கே மனசு அவரிடம் போய்விட்டது.

அவருடைய அம்மா பெண் பார்க்க வந்தபோது எல்லாவற்றுக்கும் சரி சொன்னாள். அப்பா அம்மா இல்லாத பெண் என்பதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க சாஸ்தா எந்தூர்ல இருக்காவ, தம்பி?"

தெரியாது என்று நீ உள்ளதைச் சொன்னாய். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. சாஸ்தா தெரியாத வீட்டில் எதை நம்பிக் கை நனைப்பது?

"ஒரு எட்டு ஊருக்குப் போயி விசாரிச்சுட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்," என்று அவள் தன்மையாகத்தான் சொன்னாள்.

நீ போவதாகத்தான் இருந்தது. துணிமணி எடுத்து வைத்தாயிற்று, டிக்கெட்டும் வாங்கியாயிற்று. அதற்குள் ஒரு காலையில் அந்தச் செய்தி வந்தது. அயர்லாந்துக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்த ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நீ கடையைத் திறக்கவில்லை. சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாய்.

"விட்டுட்டு வந்த தெய்வம் சும்மா இருக்காதுட்டி. திரும்பிப் போனா, இம்புட்டு நாளு எங்கல போனேன்னு கேக்கும். அவரைக் கேட்டுட்டு பாத்தியா," என்றாய்.

நான் சிரிக்கப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. உனக்கு உயிர்ப் பயம் இல்லை, அது எனக்குத் தெரியும். போய்வந்த பாவம் என் தலையில் விடிந்துவிடும் என்றே பயந்தாய். டிக்கெட் எடுத்து வைத்த இடத்திலேயே கிடந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் செம்பூருக்குப் போனோம். கோயிலைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாய். பரமசிவனின் அம்மா பெயரைக் கேட்டாள்.

"மடைக்காவல் சாஸ்தா," என்றாய் நீ, கொஞ்சமும் தடுமாறாமல்.

அந்த அம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அது எங்க சாஸ்தால்லா," என்றாள்.

கடைக்குப் பக்கத்து மளிகைக்காரர் எப்போதோ ஒரு செம்பூர்க்காரரோடு அந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த ருசியைப் பற்றி ஓயாமல் பேசினாரே, அவர் வாயிலிருந்து எடுத்த பெயர். கோயில் பெயர் உன் நினைவில் தங்கியது. கூட்டிப்போன செம்பூர்க்காரர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவள் கோபப்பட்டிருந்தால்கூட நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். ஆனால் அவள் அழ ஆரம்பித்தாள். எழுந்து வந்து உன் முகவாயைத் தடவினாள்.

"பஞ்சத்துல எங்க வம்சத்துல ஒரு கொடி பிரிஞ்சு போச்சுன்னு எங்க மாமனாரு சாகுத வரைக்கும் சொல்லுவாவளே. அந்தக் கொடியாய்யா நீங்க? கல்யாணம் போனாப் போவுது. போன சனம் வந்துட்டே."

உள்ளே போய்த் தானே டீ போட்டு எடுத்துவந்து உன் கையில் கொடுத்தாள். நீ அதை வாங்கிக்கொண்டு நின்ற கோலம் எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பரமசிவன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். புறப்படும்போது அவர் என்னைப் பார்த்து, "போயிட்டு வா, தங்கச்சி," என்றார். அம்மா சொல்லச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் உண்மையைச் சொன்னாய். விடிந்ததும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாய். விடிந்ததும் அவர்கள்தான் வந்தார்கள். செம்பூர், மான்குர்த், காட்கோபர் என்று எங்கெங்கோ இருந்த பங்காளிகள் எல்லாம் பழத்தட்டும் புது வேட்டியுமாக வந்து, காணாமல் போய்த் திரும்பிய பிள்ளையைப் போல் உன்னைக் கட்டிக்கொண்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வாய்?

அன்றைக்கே கயிறுகளை எல்லாம் பிடுங்கி எறிந்தாய். படங்களைச் சுரண்டினாய். மயில்துத்தம் போட்ட பசை, அவ்வளவு லேசில் விடுமா? ஜனாதிபதி மட்டும் வரமாட்டேன் என்றார். மேலே சுண்ணாம்பு அடித்தாய். மழைக்காலம் வந்ததும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து அந்த முகம் ஈரமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் அடிப்பாய், ஒவ்வொரு மழைக்கும் அவர் வந்துவிடுவார்.

பங்குனி தவறாமல் உன்னை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பரிவட்டம் கட்டினார்கள். திரும்பி வரும்போதெல்லாம் காய்ச்சலோடுதான் வருவாய்.

"அங்க கும்பிடும்போது முதுகுக்குப் பின்னால யாரோ நிக்க மாதிரியே இருக்குட்டி. திரும்புனா ஒருத்தருமில்ல. நம்ம சாஸ்தாதான் வந்து நிக்காவளோ?"

சில சமயம் வேறு மாதிரியும் சொல்வாய். "அந்தப் பேரு ஏன் என் வாயில வரணும்? ஒருவேளை நெசமாவே நாம அவுகதானோ?" இப்படியும் அப்படியுமாக அல்லாடியே போய்ச் சேர்ந்தாய். எனக்கு வந்த வேறு வரன்களை நான் வேண்டாம் என்றதற்கு நீ காரணம் கேட்டதே இல்லை. உனக்கும் கல்யாணம் இல்லாமல் போயிற்று. நீ போனபோது உனக்குக் கொள்ளி வைத்தது பரமசிவன்தான். பங்காளி முறைக்கு மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் கட்டிக்கொள்ள இருந்தவர் உனக்குத் தம்பியாகக் கொள்ளிச்சட்டி சுமந்ததை நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இந்தப் பங்குனிக்கு அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. படுத்த படுக்கை. செம்பூருக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய மருமகள் காப்பி போட உள்ளே போனதும் மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, உங்க அண்ணன் அன்னைக்குச் சொன்னது நெசந்தானா? அந்தக் கொடி கொழும்புக்குல்லா போச்சுன்னு ஊர்ல ஒரு பெரியவரு ரொம்ப காலம் முந்தியே எங்கிட்ட சொன்னாரு. உங்கிட்ட கேக்கணும்னுதான் நெனச்சேன். கேக்கப் பயந்துட்டேன்."

பொய் என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அந்தக் கடைசி நாட்களில் அவர் எதை எண்ணிக்கொண்டு கிடப்பார்? இத்தனை காலமும் அவரை நான் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை; "இங்க பாருங்க" என்றே ஓட்டிவிட்டேன். அன்றைக்குக் கூப்பிட்டேன்.

"நெசந்தான், அண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நாள்கூட இல்லை, போய்விட்டார். உன் பொய்யை இப்போது நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அண்ணே. நீ தேடியது எனக்காகத்தான், பயந்ததும் எனக்காகத்தான். ஆனால் நீ கேட்ட அதே கேள்வி இப்போது என்னைப் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறது. ஒருவேளை மெய்யாகவே இருந்துவிட்டால் என்று நினைத்துப் பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நீ சொன்னது பொய்யாகவே இருக்க வேண்டும், அவர் எனக்கு அண்ணனாக இல்லாமலே போயிருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.