இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளும் நான்காம் நிபந்தனையும்

அனுப்புநர்
அ. தேவேந்திரன், பி.ஏ., பி.எல்.,
வழக்கறிஞர் மற்றும் நோட்டரி,
குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்.

பெறுநர்
வன உயிரின ஆய்வு அனுமதி அலுவலர் அவர்கள்,
போர்ட் பிளேர்.

பொருள்: கிரேட் நிக்கோபாரில் காட்டு விலங்குகளிடமிருந்து சேகரித்த சால்மொனெல்லா ஆய்வு மாதிரிகளை மெயின்லேண்டு ஆய்வகத்துக்கு அனுப்புதல் – அனுமதி ஆணையின் நான்காம் நிபந்தனையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை எண் 47/2024, நாள் 14.11.2024.

மதிப்பிற்குரிய அய்யா,

1. மேற்படி ஆணையின்படி ஆய்வு செய்துவரும் முனைவர் ஜெயராணி என் மனைவி. எனவே இம்மனுவில் எனக்குச் சொந்த நலன் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவற்றைச் சொல்வது முறையாகாது என்பதால் முதலிலேயே தெரிவிக்கிறேன்.

2. கேம்பல் பே ஊரை ஒட்டிய குப்பைமேட்டிலும், மனிதர் எளிதில் செல்லாத உட்காட்டிலும் உடும்பு, காட்டுப்பன்றி, குரங்கு ஆகியவற்றின் மல மாதிரிகளை அவர் சேகரித்தார். மொத்தம் 212 குப்பிகள். அவற்றிலுள்ள சால்மொனெல்லா கிருமிகள் எத்தனை மரபு வகையின, எந்தெந்த ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மசியாதவை என்று கண்டறிவதே ஆய்வின் நோக்கம். ஒரு மாத்திரையைக்கூடக் கண்டிராத உட்காட்டு உடும்பின் வயிற்றில், நம் மருத்துவமனை மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்பது அவர் கேள்வி. இருந்தால், அது குப்பைமேட்டுக் கிருமியின் வழிவந்ததா என்பதை அதன் மரபுக்கூறே காட்டிவிடும் என்கிறார். நான் அறிவியல் படித்தவன் அல்லன். அவர் சொல்லக் கேட்டதையே எழுதுகிறேன்.

3. சேகரிப்பு 28.02.2025 அன்று நிறைவுற்றது. இன்றுவரை ஒரு குப்பியும் தீவைவிட்டு நகரவில்லை. பயணிகள் கப்பல் அவரை ஏற்றும். கிருமி உள்ள பெட்டியை ஏற்றாது. சரக்குக் கப்பல் முத்திரையிட்ட பெட்டியை ஏற்றும், பயணியை ஏற்றாது. நான்காம் நிபந்தனையோ, மாதிரிகள் ஆய்வகத்தில் ஒப்படைக்கப்படும் வரை ஆய்வாளர் எச்சமயத்திலும் அவற்றை விட்டு நீங்கலாகாது என்கிறது.

4. அந்த நிபந்தனை தங்கள் அலுவலகத்தில் உருவானதல்ல. விண்ணப்பத்தை வரைந்தவன் நான். மாதிரிகள் கைமாறிவிட்டன என்று பின்னாளில் எவரும் என் மனைவிமீது குற்றம் சாட்டக் கூடாதென்று அந்த உறுதிமொழியை நானே சேர்த்தேன். தேவையில்லை என்றார் அவர், இருக்கட்டும் என்றேன் நான். ஆணையில் அது எழுத்து மாறாமல் இடம்பெற்றுள்ளது. இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலில் நான் வரைந்த வாசகங்களில் இவ்வளவு ஓட்டையின்றி அமைந்தது வேறில்லை.

5. ஏப்ரலில் ஒருமுறை கிரேட் நிக்கோபார் சென்றேன். ஆய்வு முகாம் வன எல்லைக்குள் இருப்பதாலும் ஆணையில் என் பெயர் இல்லாததாலும் செக்போஸ்ட்டைத் தாண்ட அனுமதிக்கப்படவில்லை, அது சரியே. என் மனைவி செக்போஸ்ட் வரை வந்தார். குப்பிகள் வைத்த உறைபெட்டி உள்ள கொட்டகை கண்ணில் படும் தொலைவிலேயே நின்றார் என்பதைப் பதிவு செய்கிறேன். நாற்பது நிமிடம் பேசியிருப்போம். மின்சாரம் தடைபடும்போது மீன் ஐஸ் கொண்டுவந்து உதவும் மீனவர் அந்தோணிமுத்து ஓடிவந்து, "மேடம், ஜென்ரேட்டர் பந்த் ஆயிடுச்சு" என்றார். என் மனைவி உடனே கொட்டகைக்குத் திரும்பிவிட்டார். ஐஸைக் கொட்டிவிட்டு வந்த அந்தோணிமுத்து என்னிடம், "பன்னி விட்டைக்கு மேடத்த காவல் போட்ட பேப்பர் நீங்க எழுதுனதாமே சார்? பக்கா பேப்பர்" என்றார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

6. தொலைபேசியில் நெட்வொர்க் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் உறைபெட்டியின் வெப்பநிலையைச் சொல்லி முடித்ததும் இணைப்பு அறுந்துவிடும். மைனஸ் பதினெட்டு என்றால் அவர் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். கேம்பல் பே கப்பல் வரும் நாள்களில் இங்குள்ள ஹாடோ ஜெட்டிக்குச் செல்கிறேன். அதில் அவர் வரமாட்டார் என்பதை அறிவேன். இது மனுவின் பொருளுக்குப் புறம்பானது. எனினும் விசாரணையில் கேட்கப்பட்டால் இல்லை என்று சொல்ல இயலாது.

7. ஜெனரேட்டர் அடிக்கடி நிற்பதால், வரும் அக்டோபருக்குப் பின் குப்பிகளில் கிருமிகள் உயிருடன் இருக்குமென உறுதி கூற முடியாது என்கிறார் என் மனைவி. அவற்றை அங்கேயே அழித்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அதன்பின் ஒன்பது நாள் அவர் அழைக்கவில்லை. அந்த யோசனையை முழுமையாகத் திரும்பப் பெற்றுவிட்டேன்.

8. எனவே தங்களிடம் கோருவது:

(அ) வனச்சரக அலுவலர் முன்னிலையில் முத்திரையிட்ட பெட்டி சரக்குக் கப்பலிலும், ஆய்வாளர் பயணிகள் கப்பலிலும் தனித்தனியே வர இடமளித்து நான்காம் நிபந்தனையைத் திருத்த வேண்டும். பெட்டி முதலில் புறப்படட்டும். அது ஏறியதைப் பார்க்காமல் அவர் ஏறமாட்டார். அந்த வரிசையை மாற்றும்படி நான் கோரவில்லை.

(ஆ) அது இயலாதெனில், மாதிரிகளின் இரண்டாம் காவலராக என் பெயரை ஆணையில் சேர்த்து, முகாமில் தங்க அனுமதிக்க வேண்டும். அங்குள்ள நிபந்தனைகள் அனைத்துக்கும் கட்டுப்படுகிறேன். எவ்வளவு காலத்துக்கு என்று தாங்கள் குறிப்பிட வேண்டியதில்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
அ. தேவேந்திரன்

இடம்: போர்ட் பிளேர்
நாள்: 12.08.2025

இணைப்பு: ஆணையின் நகல்; நான் வரைந்த விண்ணப்பத்தின் நகல்.