வெயிலுக்கு மூடிய துணி

அபேனி கண்ணு,

பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று உன் அம்மா ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், ஓஷோக்போவிலிருந்து வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது என்று சொல்லிவிடு. வாசல்வரை வந்தேன் என்று சொல்ல வேண்டாம்.

உன் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. "படத்துல பச்சப்பிள்ளைய தின்ன கை அது. என் பேரனைக் குளிப்பாட்ட விடமாட்டேன்" என்றார். சந்தையில் மீன்காரிகூட என்னைக் கண்டால் கெட்டது அண்டாமலிருக்கத் தன் தலையைச் சுற்றி விரல் சொடுக்குகிறாள். எனக்குப் பழகிவிட்டது.

மேடையில் நான் முதலில் ராணியாகத்தான் நடித்தேன். நடிகைகள் வேறு குழுவுக்குப் போய்விடக் கூடாதென்று, நாடகக் குழுவை நடத்திய உன் அப்பா எங்களையே கட்டிக்கொண்டார். மூன்றாமவள் வந்ததும் ராணி வேஷம் அவளுக்குப் போனது. எனக்குச் சூனியக்காரி. பிறகு சினிமாக்காரர்களும் அதற்கே கூப்பிட்டார்கள். உன் படிப்பு முடியும்வரை நானும் மறுக்கவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் என் முகத்தில் கரிக்கோடு போட்டது நீதான். அப்போது உனக்கு ஆறு வயது. "சிரிக்காதம்மா, கோடு கோணுது" என்பாய். அது வெறும் கரி என்று உனக்காவது தெரியும் என்றிருந்தேன்.

ஷியா வெண்ணெயை கேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியது என்று சொல்லிப் பிள்ளைக்குத் தேய்த்துவிடு.

உன் மாமியார் பேசும்போது நீ பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடினாய். வெயிலுக்குத்தான் மூடினாய் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நீ நின்றிருந்ததோ வீட்டுக்குள்ளே.

பஸ் வழியில் நின்றுபோன
உன் அம்மா