பெரட்டில் கூப்பிடாத பெயர்

கிளிநொச்சி
09.02.2025

அன்புள்ள கிருஷாந்திக்கு,

நான் சுகம். நீயும் மகளும் அப்பாவும் சுகமென்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. நீ தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறி நின்று கத்துகிறாய், நான் மில் சத்தத்துக்குள் கத்துகிறேன். சிக்னல் அறுந்ததும் இரண்டு பேருக்கும் கோபம் மட்டும் மிச்சம். இந்த விசயத்தை எழுதித்தான் பேச வேண்டும் என்று நீ சொன்னது சரி. இதோ எழுதுகிறேன்.

முதலாளி மில்லுக்குப் பின்னால் உள்ள வீட்டை நமக்குத் தருகிறார். வீடு என்றால் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்துக் காம்பரா இல்லை. இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி, கிணறு, ஒரு முருங்கை. பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் நமக்குக் கேட்காது. தர்ஷனாவுக்கு அடுத்த தை மாதம் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். இங்கே நிலம் முழுக்கத் தட்டை. எதற்கும் ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். முதல் வாரம் என் கால்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

தேயிலை ஃபெக்டரியை மூடிய பிறகு நான் லயத்தில் சும்மா உட்கார்ந்திருந்த இருப்பு உனக்குத் தெரியும். இங்கே என்னை ஃபிட்டர் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். நெல்லு மில் என்றாலும் பெல்ட், பேரிங், மோட்டர் எல்லாம் என் கைக்குப் பழகின சாமான்தான். சித்திரை வருசப் பிறப்புக்குள் குடும்பம் வராவிட்டால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். வா, கிருஷாந்தி. யோசித்து எழுது. ஆனால் ரொம்பவும் யோசிக்காதே.

மகளுக்கு முத்தம்.

உன்,
கஜேந்திரன்


அக்கரப்பத்தனை, கீழ் டிவிசன்
20.02.2025

என் அன்புள்ள தர்ஷனா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் தோட்டத்து ஓபீஸில் கிடந்து கிடந்து நேற்றுத்தான் வெளியே வந்தது. காலையில் எங்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில், எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, கணக்குப்பிள்ளை பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஒருவரும் மலைக்கு ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இந்தக் காலத்துல எந்தப் புருசன்டீ கடுதாசி போடுறான்?" என்று அம்மாக்கண்ணு அக்கா கேட்டே விட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்.

இங்கே பனி கொட்டிக் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. உங்கள் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, முருங்கை மரத்தில் ஊஞ்சல் கட்டலாமா என்று கேட்கிறாள். முருங்கை முறியும் என்றேன். அழுதாள். வேப்ப மரம் உள்ள வீடாகப் பார்த்திருக்கக் கூடாதா?

சரி, விசயத்துக்கு வருகிறேன். இந்தக் காம்பரா யார் பெயரில் நிற்கிறது என்று மறந்துவிட்டீர்களா? மாமா வயசுக்கு நின்றுவிட்டார். உங்கள் பெயர் ஃபெக்டரியோடு போனது. இந்த வீட்டில் தோட்டத்தில் பதிந்திருக்கிற பெயர் என்னுடையது ஒன்றுதான். நான் பெயரை வெட்டிக்கொண்டு வந்தால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அப்புறம் மாமா எங்கே போவார்? எங்களோடு வாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "அந்த வெயில்ல என்னையக் கருவாடா காயப் போடவா கூப்புடுறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இன்னொன்று. அந்தப் பக்கம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தானே நிரஞ்சன், அவனைக் கடை வீதியில் கண்டேன். "அக்கா, அங்க நம்மள ஒரு மாதிரிதான் பாப்பாங்க" என்றான். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டதற்கு பஸ் வந்துவிட்டதென்று ஓடிவிட்டான். நீங்கள் ஓடாமல் எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
கிருஷாந்தி


கிளிநொச்சி
03.03.2025

அன்புள்ள கிருஷாந்திக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஊஞ்சல் விசயம் படித்ததும் வேப்ப மரம் தேடிப் போனேன். மில் வாசலில் ஒன்று நிற்கிறது. அதில் கட்டிவிடலாம் என்று மகளிடம் சொல்.

நிரஞ்சன் எதையாவது உளறுவான். நீ அதைப் பெரிதாக எடுக்காதே. பக்கத்து வளவில் பூரணி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். பூண்டுலோயாவில் பிறந்தவர். கலவரத்தில் லயத்தை எரித்தபோது கைக்குழந்தையாக இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்களாம். இத்தனை வருசம் கழித்தும் வீட்டுக்குள் நம் பேச்சுத்தான். "வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்று அவர் கேட்பதைக் கேட்கவே நான் வேலியோரம் போய் நிற்பேன். "புள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க தம்பி. எங்களுக்கும் மொதல்ல சங்கடமாத்தான் இருந்துச்சு, பொறகு பழகிருச்சு" என்கிறார். நீ வந்தால் உனக்கும் ஒரு துணை.

மில்லில் என் தேத்தண்ணிக்கு நல்ல பெயர். காலையிலும் பின்னேரமும் எல்லாரும் என்னைத்தான் தேடுவார்கள். "தேயிலை ஊரில இருந்து வந்தவன், உன்ர கைத் தேத்தண்ணி போல வராது" என்று முதலாளியே சொல்கிறார். நம் வீட்டில் தேத்தண்ணி ஊற்றினது எப்போதும் நீதான் என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது!

அப்பா விசயத்தில் நீயே ஏதாவது ஒரு வழி பார். உனக்குத்தான் அந்தக் கெட்டித்தனம் உண்டு. ராத்திரியில் இந்த வெக்கையில் புரண்டு புரண்டு படுக்கிறேன். வருகிறேன் என்று ஒரு சொல் எழுது.

உன்,
கஜேந்திரன்


அக்கரப்பத்தனை, கீழ் டிவிசன்
14.03.2025

என் அன்புள்ள தர்ஷனா அப்பாவுக்கு,

உங்கள் அப்பாவுக்கு நான் வழி பார்க்க வேண்டும். நல்ல நியாயம். பார்த்தும்விட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதைப் படியுங்கள்.

போன புதன்கிழமை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிவரப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். உள்ளே ஒரே சத்தம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், பிள்ளைகள் பெரட்டு விளையாடுகிறார்கள். துண்டைத் தலையில் மாட்டி, கொழுந்துப் பை மாதிரி முதுகில் தொங்கவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். உங்கள் மகள்தான் கங்காணி. கையில் ஒரு குச்சி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள். "இருக்கேன்!" என்று ஒவ்வொன்றும் கையைத் தூக்குகிறது. கடைசியாக வந்த ஒரு பொடிசைப் பார்த்து, "இப்பதான் விடிஞ்சிச்சா ஒனக்கு? போ, இன்னைக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ!" என்று விரட்டினாளே பாருங்கள், அப்படியே நம் பெரிய கங்காணியின் குரல். அந்தப் பொடிசு நிசமாகவே அழுதது.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறும்போதுதான் என்னவோ செய்தது. நானும் அதே காம்பராவில் அதே விளையாட்டை விளையாடினவள். நான் கங்காணியாக நின்றதில்லை, எப்போதும் துண்டு மாட்டினவள்தான். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்குக் கால் வலிக்குதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றையிலிருந்து எனக்கு இந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பிடரியில் யாரோ கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. ஹட்டன் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தால் கொழுந்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.

வருகிறோம்.

மாமாவுக்கு வழி இதுதான். உங்கள் தங்கை ஜெயந்தினி வட்டவளையில் மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டுதானே இருக்கிறாள். அவளையும் புருசனையும் இங்கே வரச் சொல்லிப் பேசிவிட்டேன். நான் பெயரை வெட்டினால் அந்த இடத்தில் அவள் பெயரைப் பதிந்துகொள்ளத் தோட்டத்துத் துரையும் சம்மதித்துவிட்டார். மாமா தன் மூலையில் தன் போர்வையோடு இருக்கலாம். நமக்குத்தான் திரும்பி வர இடம் இருக்காது. இதை நன்றாக நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டின பெயர் வெட்டினதுதான்.

மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்குள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டால் சமாளித்துவிடுவீர்கள், அதனால் எழுதிக் கேட்கிறேன். ஃபிட்டர் எதற்குத் தினமும் தேத்தண்ணி ஊற்றுகிறார்?

உங்கள்,
கிருஷாந்தி


கிளிநொச்சி
25.03.2025

கிருஷாந்தி,

உன்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று தெரிந்தும் மறைத்தேன் பார்.

வந்த இரண்டாம் நாள் ஒருவர், நீ தேயிலைத் தோட்டம்தானே, ஒரு தேத்தண்ணி போடு பாப்பம் என்றார். சந்தோசமாகப் போட்டேன். அடுத்த நாளும் கேட்டார்கள். அப்புறம் தேத்தண்ணிக் கேத்தல் என் கைக்கே வந்துவிட்டது. மெசினில் கை வைக்க இங்கேயே ஓர் ஆள் இருக்கிறார். அவருக்குப் பிடிபடாவிட்டால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். போன வாரம் பெரிய மோட்டரை நான்தான் திருப்பி ஓட வைத்தேன். ஓடினதும் எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்துவிட்டு, "டேய் தோட்டம், இனி ஒரு தேத்தண்ணியைக் கொண்டா" என்றார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நிரஞ்சன் சொன்ன அந்த 'ஒரு மாதிரி' இந்த மாதிரிதான்.

பெண்சாதி பிள்ளையோடு ஒரு வீட்டில் இருந்தால் என்னையும் ஓர் ஆளாக மதித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் உன்னை வா வா என்று நச்சரித்தேன். வெட்கமாக இருக்கிறது. நம் மகளையும் அவர்கள் அப்படிக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்?

பெயரை வெட்டாதே. போனில் சொல்லத்தான் இரண்டு தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. வருசப் பிறப்புக்கு முன்னால் முதலாளியிடம் சொல்லிவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். வேலை ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.

கஜேந்திரன்


அக்கரப்பத்தனை
04.04.2025

என் அன்புள்ள தர்ஷனா அப்பாவுக்கு,

மாதக் கடைசி வரைக்கும் உங்கள் பதிலுக்குப் பார்த்திருந்தேன். வரவில்லை. திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயரை வெட்டியாயிற்று. ஜெயந்தினியும் சாமான் சட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

நேற்று விடிய எழும்பி, முகம் கழுவி, பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கே போய் நின்றுவிட்டேன். பழக்க தோசம். அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்ததால் அப்படியே நின்றேன். பெரிய கங்காணி அம்மாக்கண்ணு அக்காவைக் கூப்பிட்டார், அடுத்தது நான் வர வேண்டிய இடம், அங்கே ஜெயந்தினி என்றார். அவள் இருக்கேன் என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருசம் திட்டிக்கொண்டே கேட்ட பெயர்! எல்லாம் முடிந்த பிறகு கணக்குப்பிள்ளை பையில் கைவிட்டு, "கிருஷாந்திக்குக் கடுதாசி" என்றார். நான் என்னை அறியாமல் "இருக்கேன்" என்று கையைத் தூக்கினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிரித்தேன். பெயரை வெட்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள்.

கோபம் வந்தது. உங்கள் மேல்தான், வேறு யார் மேல்? அந்தக் கேத்தலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் நீங்கள் இங்கே வந்து என்ன செய்யப் போகிறீர்கள்? மூடின ஃபெக்டரி கேட்டுக்கு முன்னால் நிற்பீர்கள். மகள் துண்டை மாட்டிக்கொண்டு நிற்பாள். அங்கே ஒருவன் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டால் என் பெயர் இது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். நீங்கள் சொன்னீர்களா? ஒரு தடவையாவது? எனக்குத் தெரியும், சொல்லியிருக்கமாட்டீர்கள். நான் வந்து சொல்கிறேன். மகள் என்னைவிடச் சத்தமாகச் சொல்வாள்.

அங்கேயும் சரிவராவிட்டால் இன்னொரு இடம் பார்ப்போம். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. நேற்றிலிருந்து கட்டின பையை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருக்கிறேன். ஆனால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து பயப்படுவோம்.

நீங்கள் இங்கே ஏறி வர வேண்டாம். நாங்கள் வரும் முன்பு அந்தக் கேத்தலை மட்டும் நீங்களே கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்துவிடுங்கள். நான் வந்து வைத்தால் நன்றாக இருக்காது.

இதையெல்லாம் தண்ணீர்த் தாங்கி மேலே ஏறி நின்று போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், உங்கள் குரலைக் கேட்டால் நானும் சரி என்றுவிடுவேன். கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதி, அது ஓபீஸில் கிடந்து வெளியே வருவதற்குள் நாங்கள் அங்கே வந்து இறங்கிவிடுவோம்.

மகள் இப்போது வீட்டுக்குள்ளேயே பெரட்டு வைக்கிறாள். குச்சியோடு நின்று தாத்தா என்கிறாள். மாமா போர்வைக்குள் இருந்து இருக்கேன் என்கிறார். அம்மா என்கிறாள், நான் இருக்கேன் என்கிறேன். கடைசியாக உங்கள் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறாள். யாரும் பேசாவிட்டால் திரும்பவும் கூப்பிடுகிறாள். அவளுக்காக நான் பதில் சொல்லப் பார்த்தேன். "நீங்க இல்ல, அப்பாதான் சொல்லணும்" என்று அடிக்க வருகிறாள். கிளிநொச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கூப்பிடுவாள். நீங்களே பதில் சொல்லுங்கள்.

உங்கள்,
கிருஷாந்தி