படிவம் கேட்காத துப்பாக்கி

அன்புள்ள லோரெட்டா,

டெக்சாஸ் முழுக்கச் சலித்தாலும் உன் மாமாவைப் போல ஒரு மூளைக்காரன் அகப்பட மாட்டான். வீட்டிலேயே முப்பரிமாண அச்சு எந்திரத்தில் அச்சடிக்கும்படி முழுத் துப்பாக்கி ஒன்றைக் கணினியில் வடிவமைத்தேன். நேற்று அந்த ஃபைலை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போட உட்கார்ந்தபோது, நீ விட்டு விலகினாயே, அந்தப் புருஷன் வேட் வந்து நின்றான்.

"துப்பாக்கிக் கடையில படிவத்தை நீட்டி, 'பொண்டாட்டிய அடிச்சதுக்குக் கோர்ட்டு தடை இருக்கா'ன்னு கேக்குறான் மாமா. உங்க ஃபைலு ஒண்ணும் கேக்காதுல்ல?"

"கேக்காதுடா. இப்பத்தான் அது எனக்கே உறைக்குது."

பதினாறு மாத உழைப்பை அவன் கண்ணெதிரிலேயே அழித்தேன். வேட் கரடியாக உறுமினான். நான் முறைத்த முறைப்பில் மூன்று வேலி தாண்டி ஓடினான். சரி, ஒரு வேலி.

அந்தத் துப்பாக்கியைச் செய்யத் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். எனக்கும் மறந்துவிட்டது.

உலகப் புகழை வாசலோடு திருப்பி அனுப்பிய,
உன் மாமா