உப்பு போட்டாச்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நாங்க மூணு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நடுநடுவே சண்டையும் போட்டுக்கிட்டு சுகமா இருக்கோம், நீயும் அங்க நல்லா இருக்கணும். முதல்ல சேதியைச் சொல்லிடறேன், இல்லன்னா கடைசி வரிக்குத் தாவிடுவே, உன்னை எனக்குத் தெரியாதா. உன் தம்பிக்கு பேக்கரியில வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு!

போன வருஷம் மாவு மூட்டையோட படியில சறுக்கித் தலையில அடிபட்டானே, அதிலிருந்து அவன் கைக்கு ஒரு குறையும் இல்ல, மாவைத் தொட்டாலே பதம் சொல்லிடுவான், ஆனா அஞ்சு நிமிஷம் முன்னாடி உப்பு போட்டானா இல்லையாங்கிறது மட்டும் மனசுல நிக்க மாட்டேங்குது. அதனாலதான் முதலாளியம்மா ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. நீ அனுப்பின, பேசினா பதிவு பண்ணிக்கிற அந்த ஸ்மார்ட் வாட்சை வச்சு அவனே ஒரு வழி கண்டுபிடிச்சான். எதைப் போட்டாலும் போட்ட கையோட அதுகிட்ட சொல்லிடுவான், ஈஸ்ட் போட்டாச்சு, உப்பு போட்டாச்சுன்னு. சந்தேகம் வந்தா ஒரு தட்டு தட்டினா போதும், அவன் குரலே திரும்பச் சொல்லும். என் பிள்ளை மூளைய நான் என்னன்னு சொல்ல!

இதுல நான் ஒரு காரியம் பண்ணித் தொலைச்சேன், திட்டாதே. முதல் நாள் அவன் குளிக்கப் போன நேரத்துல அந்த வாட்சுல நானா பதினெட்டு ரிமைண்டர் போட்டு வச்சேன். தண்ணி குடி, கொஞ்சம் உட்காரு, அடுப்புகிட்ட ஜாக்கிரதை, இப்படி. அது வேலை நேரம் முழுக்க அவன் கையில உறுமிக்கிட்டே இருந்திருக்கு. உப்பைக் கொட்டி வாயைத் திறக்கிறதுக்குள்ள தண்ணி குடின்னு அது அதிர, குடிச்சிட்டு வந்து தட்டிப் பார்த்திருக்கான், உப்புப் பேச்சே இல்ல. வாட்சை நம்பி, ருசி கூடப் பார்க்காம இன்னொரு தடவை போட்டுட்டான். நாற்பது ரொட்டி வாயில வைக்க முடியல. வீட்டுக்கு வந்து அவன் கத்தல. “அம்மா, அக்கா இதை என் மறதிக்கு அனுப்பினா, உன் பயத்துக்கு இல்ல”ன்னு மட்டும் சொன்னான். உங்க அப்பா பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவன் கண் முன்னாடியே பதினெட்டையும் அழிச்சேன்.

அப்புறம் அஞ்சு நாள் ஒரு பிசகு இல்ல. கடைசி நாள் விடுதி ஒண்ணுக்கு இருநூறு பன் ஆர்டர். அந்த அவசரத்துல முதலாளியம்மாவே, தான் பிசைஞ்ச மாவுல உப்பு போட்டோமான்னு முழிச்சிருக்காங்க. இவன் ஒரு விள்ளல் கிள்ளி வாயில போட்டுப் பார்த்து, போடலைன்னானாம். எனக்கும் ஒரு வாட்ச் வாங்கணும் போலன்னு சிரிச்சுக்கிட்டே, திங்கட்கிழமையிலிருந்து வந்துடுன்னு சொல்லிட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல. கீழ்வீட்டு டெய்லர் அம்மாகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன், நாலாவது தடவை அவங்களே எனக்குச் சொன்னாங்க.

நேத்து அந்த வாட்ச் மேசை மேல இருந்துச்சு. பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தேன், பார்த்தது மட்டும்தான். அவனே போட்டுக்கிட்ட ரிமைண்டர் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணி: ‘இன்னிக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சான்னு அம்மா கேப்பா. தினமும் கேக்கறதுதான். கோபப்படாம பதில் சொல்லு.’

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை தம்பிகிட்ட மறக்காம பேசு, நான் அதைப் பார்த்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதே.

இன்னிக்கு ஆறு மணிக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கப் பார்க்கிற,
உன் அம்மா